குலுக்கலில் கார் விழுந்திருக்கா? சாவி வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். பெங்களூருவில் ஒரு தொண்டு அமைப்பு, குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அரசு அனுமதியோடு ஒரு குலுக்கல் நடத்துகிறது. 500 ரூபாய் கொடுத்து ஒரு சீட்டு வாங்குகிறார். நல்ல காரியம்தானே, விழுந்தா விழட்டும், இல்லைன்னா போகட்டும் என்ற மனநிலை. இரண்டு மாதம் கழித்து போன் வருகிறது. "சார், முதல் பரிசு உங்களுக்குத்தான். 8 லட்சம் ரூபாய் கார்!"

வீடே கொண்டாட்டத்தில் இருக்கிறது. மறுநாள் இன்னொரு போன். "சார், வண்டியை எடுக்கணும்னா 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரி கட்டணும். கட்டின ரசீது இருந்தாத்தான் சாவி கொடுக்க முடியும்."

இலவசமா கிடைச்ச காருக்கு எதுக்குங்க இரண்டரை லட்சம்? இது ஏதோ ஃபிராடு வேலைன்னுதான் முதலில் தோணும். ஆனால் நம்ம கற்பனைக் கதையில் இது ஃபிராடு இல்லை. வருமான வரிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சிக்கல் என்னன்னா, இதே வசனத்தை அட்சரம் பிசகாமல் பேசி ஏமாற்றும் கும்பல்களும் இருக்கின்றன. எது நிஜம், எது மோசடி என்று பிரித்துப் பார்க்க, முதலில் சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியணும்.

சட்டத்தின் கண்ணில் இது 'லாட்டரி'

நகைக்கடை குலுக்கல், பெட்ரோல் பங்க் கூப்பன், கோயில் விழா பரிசுச் சீட்டு, தொண்டு நிறுவனத்தின் நன்கொடைச் சீட்டு என்று நாம் வேறு வேறு பெயரில் சொல்கிறோம். வருமான வரிச் சட்டத்துக்கு எல்லாமே ஒன்றுதான். சீட்டுக் குலுக்கியோ அதிர்ஷ்டத்தின் அடிப்படையிலோ, எந்தப் பெயரிலான திட்டத்தின் கீழ் பரிசு கிடைத்தாலும் அது லாட்டரி பரிசு என்றே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. நடத்துவது வியாபாரியா, அறக்கட்டளையா என்ற வித்தியாசம் பரிசு பெறுபவரின் வரிக் கணக்கில் கிடையாது.

அந்தப் பரிசுக்கு வரி 30%. அதன் மேல் 4% செஸ். இரண்டும் சேர்த்து 31.2%. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கான பிரிவு 115பிபி. பரிசு கொடுப்பவரே வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும் என்று சொல்லும் பிரிவு 194பி. ஒரு தடவை கிடைக்கும் பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் இந்த டிடிஎஸ் பிடித்தம் கட்டாயம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 30% மாறவில்லை. ஆடிட்டர்கள் இன்னும் கொஞ்ச காலத்துக்குப் பழைய எண்களைத்தான் சொல்லுவாங்க என்பதால் இங்கேயும் அதையே பயன்படுத்தியிருக்கிறோம்.

"12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொன்னாங்களே?"

இந்த விஷயத்தில் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருப்பவர்களுக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது தள்ளுபடி மூலமாகக் கிடைக்கும் சலுகை. சம்பளம், வட்டி மாதிரி ஸ்லாப் கணக்கில் வரும் வருமானத்துக்குத்தான் பொருந்தும். லாட்டரி பரிசு தனி விகிதத்தில் வரி போடப்படும் வருமானம். புதிய முறையில் அந்த வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

4 லட்சம் ரூபாய் அடிப்படை விலக்கும் இதற்கு உதவாது. அதாவது, வேறு வருமானமே இல்லாத ஒரு இல்லத்தரசிக்குக் கார் விழுந்தாலும், காலேஜ் படிக்கும் பையனுக்கு விழுந்தாலும், பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கு விழுந்தாலும் முதல் ரூபாயிலிருந்தே 30%. 80சி-யில் காட்டும் எல்ஐசி, பிபிஎஃப் முதலீடு எதையும் இந்தப் பரிசுத் தொகையிலிருந்து கழிக்க முடியாது. சீட்டு வாங்கிய செலவைக் கழிக்கவும் வழியில்லை. 100 சீட்டு வாங்கி, 50,000 ரூபாய் செலவு செய்து, ஒன்றில் கார் விழுந்திருந்தாலும் காரின் முழு மதிப்புக்கும் வரி.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. மாதம் 75,000 சம்பளம் வாங்கும் ஒருவர் இப்போது வரியே கட்டாமல் இருக்கலாம். 8 லட்சம் ரூபாய் காரும் சேர்ந்தால் அவருடைய மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது சம்பளத்துக்குக் கிடைத்துவந்த தள்ளுபடிக்கே வேட்டு வைக்கலாம். இந்த நிலையில் இருப்பவர்கள் காரை எடுப்பதற்கு முன்பு ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. அந்த ஃபீஸ் வீண் செலவு இல்லை.

சாவி கைக்கு வர மொத்தம் எவ்வளவு?

நம்ம ஓசூர்க்காரரின் 8 லட்சம் ரூபாய் காருக்கு வருவோம். டிடிஎஸ் 30% என்றால் 2,40,000 ரூபாய். இந்தியாவில் வசிப்பவருக்கு டிடிஎஸ் பிடிக்கும்போது செஸ் சேர்ப்பதில்லை. அந்த 4%, அதாவது 9,600 ரூபாயை, அப்புறம் கணக்கு தாக்கல் செய்யும்போது அவர்தான் கட்ட வேண்டும். பலரும் "வரிதான் ஏற்கெனவே கட்டியாச்சே" என்று இதை மறந்துவிடுகிறார்கள்.

வருமான வரி முடிந்தது. அடுத்து ஆர்டிஓ ஆபீஸ். பரிசு அறிவிப்பில் 'கார்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஷோரூம் விலைதான், ஆன்-ரோடு விலை இல்லை. ரோடு டாக்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வெற்றியாளர் பொறுப்பு என்று நிபந்தனைகளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுட்கால சாலை வரி உயர்ந்தது. 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. ஆக 8 லட்சம் ரூபாய் காருக்கு 1,04,000 ரூபாய்.

இதுவரை கூட்டினால் 3,53,600 ரூபாய். இன்சூரன்ஸ் தனி. புது காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்பதால் அதுவும் சின்னத் தொகையாக இருக்காது. மாதம் 22,000 சம்பளம் வாங்குபவருக்கு மூன்றரை லட்சம் என்பது ஏறக்குறைய 16 மாதச் சம்பளம்.

கார் பெருசானால் கணக்கும் பெருசாகும். 15 லட்சம் ரூபாய் எஸ்யூவி என்றால் டிடிஎஸ் 4,50,000. செஸ் 18,000. சாலை வரி 18% விகிதத்தில் 2,70,000. மொத்தம் 7,38,000 ரூபாய். காரின் விலையில் கிட்டத்தட்ட பாதி! இந்த இடத்தில் இன்னொரு விஷயம்: டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே அட்வான்ஸ் டாக்ஸ் விதி வந்துவிடும். அதனால் அந்த 18,000-த்தை அடுத்த வருடம் ஜூலை வரைக்கும் தள்ளிப்போடாமல், கார் கிடைத்ததற்கு அடுத்து வரும் அட்வான்ஸ் டாக்ஸ் தவணையிலேயே கட்டிவிட்டால் வட்டி மிச்சம்.

60 லட்சம் ரூபாய் சொகுசு கார் விழுந்தால்? மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் 10% சர்சார்ஜும் சேரும். மொத்த வரி 20,59,200 ரூபாய். இதில் டிடிஎஸ்-ஸில் போவது 18 லட்சம்தான். மீதி 2,59,200-ஐத் தேடிப் பிடித்துக் கட்ட வேண்டும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்கணும்.

காரில் 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே!

ரொக்கப் பரிசு என்றால் வேலை சுலபம். 10 லட்சத்தில் 3 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு 7 லட்சத்தைக் கொடுத்துவிடுவார்கள். காரில் அது முடியாது. அதனால்தான் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பரிசு முழுக்கப் பொருளாக இருந்தாலோ, கூடக் கொடுக்கும் ரொக்கம் வரிக்குப் போதாவிட்டாலோ, வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே பரிசை ஒப்படைக்க வேண்டும். இது பரிசு கொடுப்பவர் மேல் உள்ள கடமை. வரி கட்டாமல் காரைக் கொடுத்துவிட்டால் அவர்கள்தான் வருமான வரித் துறையிடம் பதில் சொல்ல வேண்டும். அபராதமும் அவர்களுக்குத்தான். ரசீது இல்லாமல் சாவி இல்லை என்று அவர்கள் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

நடைமுறையில் இது மூன்று விதமாக நடக்கும். முதல் வழி, வெற்றியாளர் 30% தொகையை நிறுவனத்திடம் கொடுப்பார், நிறுவனம் தன்னுடைய டான் எண் மூலமாக அரசுக்குக் கட்டும். இரண்டாவது, வெற்றியாளரே வருமான வரி இணையதளத்தின் இ-பே டாக்ஸ் பகுதியில் தன் பான் எண்ணில் வரியைக் கட்டி, சலான் நகலை நிறுவனத்திடம் காட்டுவார்.

மூன்றாவது வழிதான் எல்லோருக்கும் பிடிக்கும். "வரியும் எங்க பொறுப்பு" என்று நிறுவனமே கட்டிவிடும். கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. உங்களுக்காகக் கட்டும் அந்த வரியையும் பரிசோடு சேர்த்தே கணக்குப் பார்ப்பது வழக்கம். அதாவது 30% போக 8 லட்சம் மிஞ்ச வேண்டுமென்றால் பரிசு 11,42,857 ரூபாய், அதில் டிடிஎஸ் 3,42,857 ரூபாய் என்று காட்டுவார்கள். உங்கள் வருமானக் கணக்கில் ஏறுவது 8 லட்சம் இல்லை, 11 லட்சத்துச் சொச்சம். செஸ் பாக்கி 13,714 ரூபாய். லட்சக்கணக்கில் மிச்சமாகும்போது இது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் பிறகு வரும் நோட்டீஸைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எந்த வழியாக இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டியது டிடிஎஸ் சான்றிதழ். இதுவரை படிவம் 16ஏ என்று பழகிய அதே காகிதம்தான். வரியை நீங்களே கட்டியிருந்தால் சலானைப் பத்திரப்படுத்துங்க. கட்டிய வரி உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்க. ஏறவில்லை என்றால், கட்டிய பணத்துக்கு மறுபடியும் வரி கேட்டு நோட்டீஸ் வரும்.

இந்த விதியைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள்

தபாலில் ஒரு கவர் வரும். பிரபல ஆன்லைன் ஷாப்பிங் நிறுவனத்தின் பெயர், லோகோ எல்லாம் அச்சாகியிருக்கும். உள்ளே ஒரு ஸ்கிராட்ச் கார்டு. சுரண்டினால் கார். கீழே இருக்கும் எண்ணுக்கு போன் செய்தால், "டாக்ஸ் கட்டினா வண்டி வீட்டுக்கே வரும்" என்பார்கள். டிவி குவிஸ் நிகழ்ச்சியின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் லாட்டரி செய்தியும் இதே ரகம்.

இது எடுபடக் காரணம், அவங்க சொல்றதில் பாதி உண்மை. பரிசை வாங்கும் முன் வரி கட்ட வேண்டும் என்பது நிஜமாகவே சட்டம். விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், அவரும் "ஆமாப்பா, கட்டித்தான் ஆகணும்" என்பார். அவ்வளவுதான், பணம் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கு. போனில் பேசுபவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்க: "வரியை நானே வருமான வரி இணையதளத்தில் என் பான் எண்ணில் கட்டிவிடுகிறேன். சலானை உங்களுக்கு அனுப்புகிறேன்." உண்மையான நிறுவனம் என்றால் அதைப் பற்றிப் பேசும். அல்லது தன்னுடைய டான் எண்ணைக் கொடுத்து, எழுத்துப்பூர்வமாகக் கடிதம் தரும். மோசடி ஆள் "அதெல்லாம் டைம் ஆகும் சார், இன்னிக்கு கடைசி நாள், இந்த ஜிபே நம்பருக்குப் போடுங்க" என்பார். வருமான வரி எந்தக் காலத்திலும் தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கோ சேமிப்புக் கணக்குக்கோ போகாது.

தொகையையும் கவனியுங்க. 8 லட்சம் காருக்கு வரி என்று 12,500 ரூபாய் கேட்டால், சந்தேகமே வேண்டாம். நிஜ வரி 2.4 லட்சம். மோசடிக்காரர்கள் நம்மால் உடனே கொடுக்க முடிகிற தொகையைத்தான் கேட்பார்கள். அதைக் கொடுத்ததும் 'ஃபைல் சார்ஜ்', 'ஆர்டிஓ சார்ஜ்', 'ஜிஎஸ்டி' என்று ஒவ்வொன்றாக வரும். இன்னொன்று, நீங்க சீட்டே வாங்காத, கலந்துகொள்ளவே செய்யாத குலுக்கலில் பரிசு விழாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழைக்கணும். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்தில் சொன்னால் அதை முடக்க வாய்ப்பு அதிகம்.

'இந்தப் போட்டி தமிழ்நாட்டில் செல்லாது' — ஏன்?

நாடு முழுக்க நடக்கும் பரிசுப் போட்டிகளின் விளம்பரங்களில் சின்ன எழுத்தில் இந்த வரியைப் பார்த்திருப்பீங்க. நம்ம மேல் என்ன கோபம் என்று யோசித்தும் இருப்பீங்க. காரணம், 1979-ம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்குபவர்களில் குலுக்கல் மூலம் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதை இந்தச் சட்டம் தடை செய்கிறது. அதனால்தான் பல நிறுவனங்கள் வம்பே வேண்டாம் என்று தமிழ்நாட்டை ஒதுக்கிவிடுகின்றன.

அறக்கட்டளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மாநில அரசு நடத்தாத, அரசு அனுமதியும் இல்லாத லாட்டரிக்கு அலுவலகம் வைத்து நடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ கிடைக்கலாம். நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்று நினைத்து பள்ளிக்கூடக் கட்டடத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ சீட்டு அடித்து விற்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒரு காலத்தில் தமிழக அரசே லாட்டரி நடத்தியது. அண்ணா ஆட்சியில் 1968-ல் தொடங்கிய பரிசுச் சீட்டுக்கு 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று விளம்பரம். 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரி விற்பனைக்கே தடை வந்தது. இன்றைய கணக்குப்படி விழுந்தாலும் நாட்டுக்கு 31.2% என்பதுதான் நிலைமை!

அனுமதியில்லாத குலுக்கலில் கிடைத்த பரிசு என்றால் வரி கட்ட வேண்டாமா? கட்டணும். வருமானம் எந்த வழியில் வந்தது என்பது வேறு வழக்கு, வரி வேறு கணக்கு.

நன்கொடைச் சீட்டுதானே, 80ஜி கிடைக்காதா?

கிடைக்காது. 80ஜி என்பது எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்கும் நன்கொடைக்கு. பரிசுச் சீட்டு வாங்கும்போது 500 ரூபாய்க்குப் பதிலாக ஒரு வாய்ப்பை வாங்குகிறோம். சீட்டின் மேல் 'நன்கொடை' என்று அச்சடித்திருப்பதால் அது மாறிவிடாது. அந்த அமைப்பின் வேலை பிடித்திருந்தால் தனியாக நன்கொடை கொடுத்து 80ஜி ரசீது வாங்கிக்கொள்ளலாம். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் பயன்.

நண்பர் கார் வாங்கிக் கொடுத்தா வரி இல்லையா?

இதில்தான் சட்டம் கொஞ்சம் விநோதம். சொந்தம் இல்லாத ஒரு நண்பர், எந்தத் தொழில் தொடர்பும் இல்லாமல், பிரியத்தில் ஒரு கார் வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்பவருக்கு வரி இல்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட அன்பளிப்புக்கு வரி என்ற விதி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த விதி ரொக்கம், வீடு, மனை, நகை, ஷேர், ஓவியம் என்று ஒரு பட்டியலுக்குத்தான் பொருந்தும். அந்தப் பட்டியலில் கார் கிடையாது. அதே கார் குலுக்கலில் வந்தால் முதல் ரூபாயிலிருந்து வரி.

கம்பெனி கொடுக்கும் கார் வேறு வகை. 2022-ல் சென்னையைச் சேர்ந்த ஐடி நிறுவனம் ஒன்று 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்தது பெரிய செய்தியானது. இப்படி முதலாளி ஊழியருக்குச் சொந்தமாகவே கொடுக்கும் காரின் மதிப்பு சம்பளத்தோடு சேரும். அவரவர் ஸ்லாப்படி வரி. டீலர், ஏஜென்ட் ஆகியோருக்கு விற்பனை இலக்கை எட்டியதற்காகக் கம்பெனி கொடுக்கும் கார் தொழில் வருமானக் கணக்கில் போகும். அங்கே டிடிஎஸ் 10%. இவை எதற்கும் குலுக்கலின் 30% விதி பொருந்தாது.

துபாயில், அமெரிக்காவில் விழுந்தால்?

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் வருமான வரியே கிடையாது. அங்கேயே வேலை பார்த்து, என்ஆர்ஐ-யாக இருக்கும் நம்ம ஊர்க்காரருக்கு அங்கே ஒரு கார் விழுந்தால் இந்தியாவிலும் வரி இல்லை. ஆனால் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் அந்தச் சீட்டை வாங்குபவர்களுக்கு இரண்டு சிக்கல். ஒன்று, இந்தியாவில் வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே வரி. இரண்டாவது இன்னும் பெரிது: வெளிநாட்டு லாட்டரி சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணி விதிகளின்படி தடை செய்யப்பட்டது.

அமெரிக்காவில் சர்ச், பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் நிதி திரட்ட கார் குலுக்கல் நடத்துவது சகஜம். அங்கே இருக்கும் பிள்ளைகள் இப்படி ஒரு சீட்டு வாங்கியிருந்தால், நிலைமை நம்ம ஊர் மாதிரியேதான். சீட்டு விலையைக் கழித்த பிறகு பரிசின் மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால், காரின் மதிப்புக்கு 24% வரியை வெற்றியாளர் அந்த அமைப்பிடம் கட்டியாக வேண்டும். அதன் பிறகுதான் கார். அமைப்பே வரியைக் கட்டினால் அது 31.58% ஆகக் கணக்கிடப்படும். சீட்டு வாங்கிய பணத்தை நன்கொடையாகக் காட்ட அங்கேயும் அனுமதி இல்லை. ஒரு வித்தியாசம், அங்கே அந்த 24% வெறும் முன்பணம். இறுதி வரி அவரவர் மொத்த வருமானத்தைப் பொறுத்தது. குறைந்த வருமானம் உள்ளவருக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம். இங்கே அந்த வாய்ப்பு இல்லை, 30% என்பது 30% தான்.

கணக்கு தாக்கல் செய்யும்போது

சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் லாட்டரி வருமானத்தைக் காட்ட முடியாது. சின்ன வியாபாரிகள் பயன்படுத்தும் ஐடிஆர்-4-லும் முடியாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2, தொழில் செய்பவர் என்றால் ஐடிஆர்-3. ஐடிஆர்-2 தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31.

குழந்தை பெயரில் சீட்டு வாங்கி அதில் கார் விழுந்தால், அது 18 வயது நிரம்பாத குழந்தையின் தனி வருமானமாகப் போகாது. அப்பா, அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேரும். "பாப்பா பேர்ல போட்டா டாக்ஸ் இல்லையாமே" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பணம் இல்லைன்னா என்ன செய்யலாம்?

மறுபடியும் ஓசூர்க்காரரிடம் வருவோம். அவர் கையில் இரண்டரை லட்சம் இல்லை. காருக்குப் பதில் ரொக்கமாகக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேட்கலாம். சில குலுக்கல்களின் நிபந்தனையிலேயே அதற்கு இடம் இருக்கும். ரொக்கம் என்றால் 8 லட்சத்தில் வரி போக 5,60,000 கைக்கு வரும். செஸ் 9,600-ஐ மட்டும் எடுத்து வைத்தால் போதும். சாலை வரி, இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. கார் தேவைப்படாதவருக்கு இதுதான் லாபம்.

ரொக்கம் கிடையாது என்றால், கடன் வாங்கி வரியைக் கட்டி, காரை எடுத்து, பிறகு விற்கலாம். ஆனால் பதிவு செய்த மறுநாளே அது 'செகண்ட் ஹேண்ட்' கார். 8 லட்சத்துக்குப் போகாது. வரி மட்டும் முழு 8 லட்சத்துக்கும் கட்டியிருப்போம். விற்ற விலைக்கும் 8 லட்சத்துக்கும் உள்ள நஷ்டத்தை எங்கேயும் கழிக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் அதற்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

மூன்றாவது வழி, பரிசே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. பரிசை வாங்காதவருக்கு வருமானமும் இல்லை, வரியும் இல்லை. மனசு வராதுதான். ஆனால் அப்படி எழுதிக் கொடுப்பது காரை எடுப்பதற்கு முன்பு நடக்க வேண்டும். சாவியை வாங்கி, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு முடியாது.